பக்கத்து நாடு தனியே போனால் நமக்கென்ன? காரைக்குடித் திண்ணையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் நகரத்தார் எனும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளுக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். இப்போது ஓய்வு. மாலை நேரங்களில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நான்கைந்து பேர் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். ஸ்காட்லாந்து, கட்டலோனியா, தெற்கு சூடான் என்று செய்தியில் வரும் பெயர்களைச் சொல்லி, "ஒரு நாடு விடுதலைக்கு ஓட்டெடுத்தால் பக்கத்தில் இருப்பவனுக்கு என்ன ஆகும்?" என்று கேட்பார்கள். எதிர்வீட்டு ஆச்சி அதைக் கேட்டுவிட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்வார்: "பர்மா." ஆச்சியின் பதில் சரிதான், கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

விடுதலை வாக்கெடுப்பு என்பது தேர்தலிலிருந்து எப்படி மாறுபடுகிறது?

தேர்தலில் ஆளை மாற்றுகிறோம். பிடிக்காவிட்டால் ஐந்து ஆண்டு கழித்து மறுபடி மாற்றலாம். விடுதலை வாக்கெடுப்பில் நாட்டின் எல்லையே மாறுகிறது, அதைத் திருப்பிப் போட வழி கிடையாது. கேள்வி பெரும்பாலும் ஒற்றை வரியில் இருக்கும். 2014 செப்டம்பர் 18 அன்று ஸ்காட்லாந்தில், ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்று கேட்டார்கள். 84.6 விழுக்காடு பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள். வேண்டாம் என்றவர்கள் 55.3 விழுக்காடு, வேண்டும் என்றவர்கள் 44.7 விழுக்காடு. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குக்கூட ஓட்டு இருந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் குடியிருந்தவருக்கு இல்லை.

கேள்வியை யார் எழுதுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். 1962 செப்டம்பரில் மலேசியாவோடு இணைவது பற்றிச் சிங்கப்பூரில் வாக்கெடுப்பு நடந்தது. சீட்டில் மூன்று தெரிவுகள் இருந்தன. மூன்றுமே இணைவதற்கானவை. எப்படி இணைவது என்றுதான் கேட்டிருந்தார்களே தவிர, இணைய வேண்டாம் என்று சொல்ல அந்தச் சீட்டில் இடமே இல்லை. ஏறத்தாழ நான்கில் ஒருவர் சீட்டை வெறுமையாகப் போட்டுவிட்டு வந்தார்கள்.

பிரிகிறவர்கள் அவர்கள். பக்கத்து நாட்டுக்கு இதில் என்ன வேலை?

ஒரு வீட்டுக் கதை சொல்கிறேன். அண்ணன் தம்பி இருவர் பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள். பட்டியல் எழுதியது நான்தான். குத்துவிளக்கு, பித்தளை அண்டா, பர்மா தேக்கு அலமாரி, ஊறுகாய் ஜாடி வரை இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணி எழுதினோம். ஒரு சண்டை இல்லை. இரண்டாங்கட்டு முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பினார்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அதுவரை முற்றத்தில் விழுந்து தெருச் சாக்கடைக்குப் போன தண்ணீர், புதுச் சுவரில் முட்டித் திரும்பி, பக்கத்து வீட்டுக்காரரின் மதிலடியில் போய் நின்றது. அவருடைய சமையற்கட்டுச் சுவர் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்ந்தது. பட்டியலில் அவர் பெயர் எங்குமே இல்லை. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

நாடுகளிலும் இதுதான் நடக்கிறது. 2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகப் பிரிட்டன் ஓட்டுப் போட்டது. அது விடுதலை வாக்கெடுப்பு அல்ல என்றாலும் குணம் ஒன்றுதான். அயர்லாந்துக் குடியரசில் வசிப்பவர்களில் பெரும்பாலோருக்கு அதில் ஓட்டில்லை. ஆனால் பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்தில் கறந்த பாலில் ஒரு பகுதி எல்லை தாண்டித் தெற்கே, ஒன்றியத்தில் நீடிக்கும் குடியரசுக்குப் போய்த்தான் பதப்படுகிறது. அந்தப் பால் வண்டியை நிறுத்திச் சோதிப்பதா, விடுவதா என்று ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

இதில் செட்டிநாடு எங்கே வருகிறது?

நம் ஊர் வீடுகளின் தூண்களைத் தட்டிப் பாருங்கள், பதில் வரும். அந்தத் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. விருந்தில் போடும் கவுனி அரிசியும் அங்கிருந்துதான். 1886 இல் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமானது. ரங்கூனுக்குக் கடை வைக்கப் போவது வெளிநாடு போவதாகவே கருதப்படவில்லை. அதே ரூபாய், அதே சட்டம், அதே சர்க்கார். ரங்கூன் மொகல் தெருவில் வரிசையாக நம்மவர் கடைகள். கடை என்றால் வட்டிக்கடை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று மூன்று ஆண்டுத் தவணையில் போய்வந்தார்கள். 1930 வாக்கில் பர்மாவில் நகரத்தார் முதலீடு 75 கோடி ரூபாய் என்று அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழுவே மதிப்பிட்டது.

அந்தப் பணம் பெரும்பாலும் கீழ்ப் பர்மாவின் ஐராவதி ஆற்றுப் படுகையில் நெல் விதைத்தவர்களிடம் கடனாக நின்றது. 1930 இல் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் வந்தது. நெல் விளையும் பதின்மூன்று முக்கிய மாவட்டங்களில் 1930 இல் நகரத்தார் கையில் இருந்த நிலம் 6 விழுக்காடு, 1937 வாக்கில் 25 விழுக்காடு. கடன் கொடுத்தவரைக் கேட்டால், "நிலம் கேட்டு யார் போனது? பணம் வந்தால் போதும் என்றுதான் இருந்தோம்" என்பார். உழுதவரைக் கேட்டால், "என் அப்பன் காட்டை வெட்டித் திருத்திய நிலம், கடல் கடந்து வந்தவன் பெயரில் இருக்கிறது" என்பார். இருவர் சொல்வதும் உண்மை. இரண்டாவது குரலை நம் ஊர்க் கதைகளில் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம் என்பது என் வருத்தம்.

1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாகரீதியாகப் பிரிக்கப்பட்டது. அன்று காலை மொகல் தெருவில் எதுவும் மாறியிருக்காது. அதே பெட்டி, அதே பேரேடு. ஆனால் நம்மவர் அன்றைக்கு அயல்நாட்டார் ஆகிவிட்டார்கள். 1938 இல் இந்தியர்களுக்கு எதிரான கலவரம். 1941 இல் இந்தியர்கள் வந்து குடியேறுவதைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். 1942 இல் ஜப்பான் படை நுழைந்தபோது லட்சக்கணக்கானோர் காட்டுவழியே நடந்து வந்தார்கள். 1948 ஜனவரி 4 அன்று விடுதலை, அதே ஆண்டு நில தேசியமயச் சட்டம். 1964 இல் கடைகள் அரசுடைமையாயின, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். நகையைக்கூடக் கொண்டுவர விடாமல் கப்பலேற்றினார்கள். சென்னையின் பர்மா பஜாரும் நம் காரைக்குடியின் பர்மா காலனியும் அந்தக் காலத்தின் எச்சங்கள்.

பர்மா மக்கள் பிரிவுக்கு ஓட்டுப் போட்டார்களா?

போட்டித் தேர்வுப் பிள்ளைகள் எல்லோரும் தவறவிடும் இடம் இது. 1932 நவம்பரில் பர்மாவில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. இந்தியாவிலிருந்து பிரிவதா, வேண்டாமா என்பதுதான் அதன் ஒரே பேச்சு. வாக்கெடுப்பு என்ற பெயர்தான் இல்லை. ஜெயித்தவர்கள் பிரிவை எதிர்த்தவர்கள்!

அவர்கள் இந்தியாமீது கொண்ட பாசத்தால் எதிர்க்கவில்லை. இந்தியாவுக்குக் கிடைக்கவிருந்த அரசியல் சீர்திருத்தம், பிரிந்துபோனால் தங்களுக்குக் கிடைக்காதோ என்ற ஐயம். சேர்ந்திருந்து, வேண்டும்போது விலகும் உரிமை வேண்டும் என்றார்கள். அப்படிப்பட்ட உரிமை கிடையாது என்றது லண்டன். ஜெயித்து வந்த சட்டமன்றத்தால் தெளிவாக ஒரு தீர்மானம் போட முடியவில்லை. பிரிட்டிஷ் அரசு தான் முன்பே நினைத்தபடி 1935 சட்டத்தில் பிரிவினையை எழுதிவிட்டது. மக்கள் வேண்டாம் என்றும் பிரிவு வந்தது. வாக்குச்சீட்டுக்குக் கொடுக்கும் மரியாதையில் ஒரு பகுதியை அந்தச் சீட்டை எண்ணுகிறவருக்கு மேலே உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்ப்பதற்கும் ஒதுக்க வேண்டும்.

பிரிந்த நாட்டில் எந்தப் பணம் செல்லும்?

கணக்கெழுதியவனுக்குப் பிடித்த கேள்வி. முதல் நாள் பெரும்பாலும் பழைய பணமேதான். பர்மா பிரிந்த பிறகும் போர்க்காலம் நீங்கலாக 1947 வரை இந்திய ரிசர்வ் வங்கிதான் அதற்கும் மத்திய வங்கி. "பர்மாவில் மட்டும் செல்லும்" என்று மேலச்சு இட்ட ரூபாய் நோட்டுகள் புழங்கின.

ஸ்காட்லாந்து விவகாரத்தில் பிரிவு கேட்டவர்கள் இங்கிலாந்தோடு பவுண்டைப் பகிர்ந்துகொள்வோம் என்றார்கள். அன்றைய பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2014 பிப்ரவரியில், பகிர மாட்டோம் என்று சொல்லிவிட்டார். பெரிய வங்கிகள் சில, பிரிவு வந்தால் பதிவு அலுவலகத்தை லண்டனுக்கு மாற்றுவோம் என்றன. என் கணிப்பில் அந்த வாக்கெடுப்பின் போக்கை மாற்றியதில் பவுண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கொடிக்காக உருகுகிறவர்கள்கூட ஓய்வூதியம் எந்தப் பணத்தில் வரும் என்று ஒரு நிமிடம் நின்று யோசிப்பார்கள்.

பணத்தால் போர் மூண்ட கதையும் உண்டு. எரித்திரியா 1993 ஏப்ரலில் வாக்கெடுத்தது. 99.8 விழுக்காடு ஆதரவு. எத்தியோப்பியா எதிர்க்கவும் இல்லை. நான்கு ஆண்டுகள் எத்தியோப்பியாவின் பிர் நோட்டே அங்கும் செல்லுபடியானது. 1997 இல் எரித்திரியா நக்ஃபா என்ற சொந்தப் பணத்தை வெளியிட்டது. இரண்டும் ஒன்றுக்கு ஒன்று செல்ல வேண்டும் என்றது எரித்திரியா. முடியாது, வணிகத்தை டாலரில் வைத்துக்கொள்வோம் என்றது எத்தியோப்பியா. எல்லை வணிகம் படுத்தது. 1998 இல் பாத்மே என்ற எல்லைச் சிற்றூரைக் காரணம் காட்டிப் போர் தொடங்கியது. பணத் தகராறு ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உறவு அங்கேதான் முதலில் முறிந்தது.

துறைமுகம் ஒருவர் பக்கம் போய்விட்டால்?

எரித்திரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பிரிந்ததும் எத்தியோப்பியாவுக்குக் கடற்கரை என்பதே இல்லாமல் போயிற்று. முதலில் எரித்திரியாவின் அசாப் துறைமுகத்தைப் பயன்படுத்தினார்கள். போர் வந்ததும் அதுவும் மூடியது. சரக்கு முழுவதும் ஜிபூட்டி பக்கம் திரும்பியது. அந்தச் சின்ன நாடு அந்தச் சண்டையில் சேரவில்லை, அந்த வாக்கெடுப்பிலும் அதற்குப் பங்கில்லை. பக்கத்து வீட்டுப் பாகப்பிரிவினையில் அதற்கு யோகம் அடித்தது. கெடுதல் மட்டுமே வரும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தெற்கு சூடான் இதற்கு நேர் எதிர். 2011 ஜனவரி வாக்கெடுப்பில் 98.83 விழுக்காடு பேர் பிரிவு கேட்டார்கள். ஜூலை 9 அன்று தனி நாடு. எண்ணெய் வயல்களில் நான்கில் மூன்று பங்கு தெற்கில், கப்பலேற்றும் துறைமுகமும் அதற்குப் போகும் குழாயும் வடக்கில். கிணறு ஒரு தம்பிக்கு, ராட்டினமும் கயிறும் இன்னொரு தம்பிக்கு என்று எழுதிய பத்திரம் போல. குழாய்க் கூலி எவ்வளவு என்பதை ஓட்டுக்கு முன் பேசி முடிக்கவில்லை. வடக்கு கேட்ட தொகைக்கும் தெற்கு தர முன்வந்ததற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். 2012 ஜனவரியில் தெற்கு தன் எண்ணெய்க் கிணறுகளைத் தானே மூடிக்கொண்டது. அந்த வயல்களில் நம் ஓ.என்.ஜி.சி. விதேஷ் நிறுவனத்துக்கும் பங்கு இருந்தது. ஆகவே அந்தத் தகராறின் செலவில் ஒரு துளி நம் கணக்கிலும் விழுந்தது.

2006 இல் மாண்டிநீக்ரோ பிரிந்தபோது செர்பியாவும் இப்படியே கடலை இழந்தது. ஆனால் அங்கே அடிதடி இல்லை.

அகதிகள் வருவார்களா?

ஓட்டு அமைதியாக நடந்து முடிவை ஏற்றுக்கொண்டால் வர மாட்டார்கள். ஏற்காவிட்டால் வருவார்கள், அதுவும் ஒரே வாரத்தில். 1999 ஆகஸ்ட் 30 அன்று கிழக்குத் திமோரில் 78.5 விழுக்காடு பேர் இந்தோனேசியாவை விட்டு விலக வாக்களித்தார்கள். முடிவு வந்ததும் ஆயுதக் கும்பல்கள் ஊர்களைக் கொளுத்தின. ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் மேற்குத் திமோருக்குப் போனார்கள், பலர் விரட்டப்பட்டே போனார்கள். செப்டம்பரில் ஆஸ்திரேலியா தலைமையில் பன்னாட்டுப் படை இறங்கிய பிறகுதான் அடங்கியது.

நமக்குத் தெரிந்த பெரிய உதாரணம் 1971. அதற்கு முந்தைய ஆண்டு பாகிஸ்தான் பொதுத் தேர்தலில் ஜெயித்த அவாமி லீகிடம் ஆட்சியை ஒப்படைக்க மறுத்தார்கள். கிழக்கு வங்கம் தீப்பற்றியது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தார்கள். டாக்காவுக்கும் காரைக்குடிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்த ஆண்டு நவம்பர் 15 முதல் கடிதத்தில் அகதிகள் நிவாரணத்துக்கென்று கூடுதலாக 5 பைசா தபால்தலை ஒட்ட வேண்டியிருந்தது. மலேயாவிலிருந்த அண்ணனுக்கு எங்கள் அப்பா எழுதிய கடிதத்திலும் அது ஒட்டப்பட்டிருக்கும். நான்தான் நாக்கில் தடவி ஒட்டுவேன், பசை கசக்கும்.

ஓட்டே நடக்காமல், விடுதலையின் பின்விளைவாகவே ஆட்கள் திரும்பி வந்ததும் உண்டு. 1948 இல் இலங்கை விடுதலை பெற்ற கையோடு வந்த குடியுரிமைச் சட்டம், தலைமுறைகளாக அங்கே தேயிலை பறித்த நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை ஏற்றுக்கொள்வது என்று பங்கு போட்டார்கள். மனிதர்களைப் பாகம் பிரித்த அந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று எனக்குத் தெரிந்ததில்லை.

ஓட்டில் ஜெயித்துவிட்டால் நாடு கிடைத்துவிடுமா?

கிடைக்காது. அக்கம்பக்கத்தார் ஒப்புக்கொள்ள வேண்டும். 2017 செப்டம்பர் 25 அன்று ஈராக்கின் குர்திஸ்தானில் 92.7 விழுக்காடு பேர் தனி நாடு கேட்டார்கள். பாக்தாத், துருக்கி, ஈரான் மூன்றும் எதிர்த்தன. எர்பில், சுலைமானியா விமான நிலையங்களுக்குப் பன்னாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டன. மூன்றே வாரத்தில் ஈராக் படை கிர்குக் நகரை எடுத்துக்கொண்டது. நான்கு பக்கமும் நிலம் சூழ்ந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினால் வெளியே போக வாசல் ஏது?

குர்திஸ்தான் ஓட்டுக்கு ஆறு நாள் கழித்து, அக்டோபர் 1 அன்று, ஸ்பெயினின் கட்டலோனியா. நீதிமன்றம் நிறுத்தி வைத்த வாக்கெடுப்பு அது. வந்து போட்டவர்கள் 43 விழுக்காடு. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆதரவு. ஒரு நாடும் ஏற்கவில்லை. கைமேல் கண்ட பலன், கைஷாபாங்க் தன் தலைமையகத்தை வலென்சியாவுக்கும் சபடெல் வங்கி அலிகாந்தேவுக்கும் மாற்றிக்கொண்டன. மறுபடியும் பக்கத்து ஊர்களுக்கு யோகம்.

எத்தனை விழுக்காடு வேண்டும் என்பதையும் முன்பே பேச வேண்டும். மாண்டிநீக்ரோவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 55 என்று கோடு போட்டது, வந்தது 55.5. கரீபியன் கடலிலுள்ள நெவிஸ் தீவு 1998 இல் 61.7 விழுக்காடு எடுத்தும் தோற்றது, மூன்றில் இரண்டு பங்கு என்று அரசமைப்பில் எழுதியிருந்ததால். பாப்புவா நியூ கினியின் பூகன்வில் தீவில் 2019 இல் 98 விழுக்காட்டினர் விடுதலை கேட்டார்கள். அந்த வாக்கெடுப்பு கட்டுப்படுத்துவது அன்று, நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று முன்பே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது.

ஒருவர் பிரிந்தால் வரிசையாக எல்லோரும் பிரிவார்களா?

அரசாங்கங்கள் அப்படித்தான் அஞ்சுகின்றன. செர்பியாவிலிருந்து பிரிந்த கொசோவோவை ஸ்பெயின் இன்றுவரை அங்கீகரிக்காததற்குக் கட்டலோனியாதான் காரணம் என்று ஊருக்கே தெரியும். உண்மையில் வரிசை அவ்வளவு வேகமாக நகர்வதில்லை. கனடாவின் கியூபெக் மாகாணம் இரண்டாம் முறையாக 1995 இல் வாக்கெடுத்து மயிரிழையில் தவறவிட்டது. வேண்டாம் 50.58, வேண்டும் 49.42. அதன்பின் இத்தனை ஆண்டுகளில் அங்கே மூன்றாவது வாக்கெடுப்பு நடக்கவில்லை.

கியூபெக்கில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்த மாகாணத்தின் வடக்கே கிரீ என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். பெரிய வாக்கெடுப்புக்கு ஆறு நாள் முன்பு அவர்கள் தங்களுக்குள் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். கியூபெக் போனால் நாங்கள் அதனோடு போக மாட்டோம் என்று 96 விழுக்காடு பேர் சொன்னார்கள். பிரிகிறவனைப் பார்த்து, "உன்னைவிட்டு நான் பிரியலாமா?" என்று கேட்பதற்கு எந்தத் தலைவரிடமும் நல்ல பதில் கிடையாது. கிழக்கே நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் மாகாணங்களும் கவலைப்பட்டன. கியூபெக் போனால் அவற்றுக்கும் மற்றக் கனடாவுக்கும் நடுவே ஓர் அயல்நாடு உட்கார்ந்துவிடும்.

மனக்கசப்பில்லாமல் பிரிந்தவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். 1905 இல் நார்வே சுவீடனிடமிருந்து பிரிந்தது. ஆகஸ்ட் 13 வாக்கெடுப்பில் ஆதரவு 368,208, எதிர்ப்பு வெறும் 184. படைகள் எல்லைக்கு நகர்ந்துகொண்டிருந்தபோதும் கார்ல்ஸ்டாட் என்ற ஊரில் உட்கார்ந்து பேசினார்கள். எல்லைக் கோட்டைகளை இடிப்பது, ஒருவர் வழியாக மற்றவர் சரக்கு போவது, பொதுவான ஆறுகள் எல்லாவற்றுக்கும் எழுத்து வைத்தார்கள். வடக்கே வாழும் சாமி என்ற பழங்குடியினரின் பனிமான்கள் கோடைக்கு ஒரு நாட்டிலும் குளிருக்கு ஒரு நாட்டிலும் மேயும். அவற்றின் மேய்ச்சல் உரிமைக்குக்கூட ஓர் ஒப்பந்தம். ஓட்டுரிமை இல்லாத மானையும் பட்டியலில் சேர்த்தவர்களுக்குச் சண்டை போட நேரம் கிடைக்கவில்லை.

சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து வெளியேறியது. மக்கள் வாக்கெடுப்பு ஏதும் இல்லை. கோலாலம்பூர் நாடாளுமன்றம் அன்றே சட்டத்தைத் திருத்தி முடித்தது. அரசியல் கசப்பு நிறைய இருந்தது. ஆனால் ஜோகூரிலிருந்து வரும் தண்ணீருக்கான 1961, 1962 ஒப்பந்தங்களைப் பிரிவினை ஒப்பந்தத்துக்குள்ளேயே கட்டிப்போட்டார்கள். பணம் இரண்டு ஆண்டு பொதுவாகவே இருந்தது. 1967 இல் தனித்தனி ஆன பிறகும் 1973 வரை வெள்ளிக்கு வெள்ளி மாறியது. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் தங்கித் தொழில் பார்த்த கிட்டங்கியில் இருந்த நம்மவர்களுக்குப் பினாங்குக் கணக்கையும் சிங்கப்பூர்க் கணக்கையும் பிரித்து முடிக்க அந்த ஆண்டுகள் போதுமாக இருந்தன. அந்த அவகாசத்தைத்தான் பர்மா கொடுக்கவில்லை என்பார் என் பழைய முதலாளி. சரியாகச் சொன்னால், பர்மா பத்து ஆண்டுக்குமேல் கொடுத்தது, நம்மவர்கள் நெல் விலை ஏறும் என்று காத்திருந்துவிட்டார்கள்.

நம் பக்கத்தில் இப்படி எதுவும் நடந்ததா?

நாடு பிரிவதற்கு அல்ல, நாட்டோடு சேர்வதற்கு நடந்தது. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிக்கு அருகே கீழூரில் பிரெஞ்சு இந்தியப் பகுதிகளின் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது.

செட்டிநாட்டுக்குள்ளேயே ஓர் எல்லை இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ராயவரம், ராங்கியம், விராச்சிலை, நச்சாந்துபட்டி எல்லாம் புதுக்கோட்டை சமஸ்தானத்தில். காரைக்குடியும் தேவகோட்டையும் பிரிட்டிஷ் ராமநாதபுரம் மாவட்டத்தில். பெண் கொடுத்ததும் எடுத்ததும் அந்த எல்லையைத் தாண்டித்தான். சமஸ்தானத்துக்கென்று அம்மன் காசு இருந்தது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. எல்லை போனதற்கு யாரும் அழவில்லை.

இந்தியாவில் ஒரு மாநிலம் இப்படி ஓட்டெடுக்க முடியுமா?

முடியாது. அரசமைப்பில் அதற்கு வழி இல்லை. 1963 இல் வந்த பதினாறாவது திருத்தம், தேர்தலில் நிற்பவரே நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றாக்கியது. திராவிட நாடு கோரிக்கையை தி.மு.க. கைவிட்டதும் அந்த ஆண்டில்தான். ஸ்காட்லாந்துகூட 2014 இல் லண்டன் சம்மதித்ததால்தான் நடத்தியது. மறுபடி தானாக நடத்த முடியாது என்று 2022 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என் மகன் வேலை பார்க்கும் நாட்டில் பிரிவினைப் பேச்சு. என்ன செய்ய வேண்டும்?

போன மாதம் ஓர் ஆச்சி கேட்டார். பதறி ஓடிவரச் சொல்ல வேண்டியதில்லை. யார் ஜெயிப்பார் என்று பார்ப்பதைவிட, சம்பளம் எந்த வங்கியில் எந்தப் பணத்தில் இருக்கிறது, பணி அனுமதி எந்த அரசு கொடுத்தது, புது அரசு அதை ஏற்குமா, வீடு வாங்கியிருந்தால் பத்திரம் எங்கே பதிவானது என்று பார்க்கச் சொல்லுங்கள். சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டாம். வாக்கெடுப்புக்கு முன்பே இரு தரப்பும் பணம், கடன், குடியுரிமை பற்றி எழுத்தில் ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று கவனிக்க வேண்டும். வைத்திருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். மேடையில் கொடி மட்டும் ஆடினால் டிக்கெட் விலையை விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் வீட்டுப் பெட்டியில் பர்மா நிலப் பத்திரங்கள் இருக்கின்றன. ஏதாவது கிடைக்குமா?

பணமாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்குகிறவர்களிடம் கொடுத்தால் ஏதோ கொடுப்பார்கள், யாரோ சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். விற்காதீர்கள் என்பது என் விருப்பம்.

நான் கணக்கெழுதிய ஒரு வீட்டில் பெகு பக்கத்து நிலக்கடன் ஒன்று "வரவேண்டியது" என்ற தலைப்பில் நின்றது. ரூபாய், அணா, பைசா வரை துல்லியமாக. 1978 இல் அந்த வீட்டுக்கு வேலைக்குப் போன முதல் ஆண்டிலேயே, இது இனி வராது, அடித்துவிடலாமா என்று கேட்டேன். அந்த வீட்டு ஐயா என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஐந்தொகையில் ஒரு வரிதானே, எழுதும்" என்றார். ஒவ்வோர் ஆண்டும் புதுக்கணக்கு போடும்போது அந்தத் தொகையைப் பழைய பேரேட்டிலிருந்து புதிய பேரேட்டுக்கு எடுத்து எழுதினேன். 1991 இல் அவர் காலமானார். அடுத்த புதுக்கணக்கன்று அவர் மகன் பேரேட்டை வாங்கிப் பார்த்து, அந்த வரியில் விரலை வைத்தபடி, "இதையும் எழுதணுமா?" என்று கேட்டார். நான் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அந்த ஆண்டும் எழுதினேன்.